எலும்பு நொறுங்கு நோயும் தொடுகை மருத்துவமும்: சென்னையின் மேற்குப் புறநகரை முன்வைத்து ஒரு வரலாறு

எலும்பு நொறுங்கு நோய் என்பது பிறவியிலேயே எலும்புகள் வலுவின்றி அமையும் ஓர் அரிய மரபணு நோய். மருத்துவத் துறையில் இது ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பெர்பெக்டா எனப்படுகிறது. சிறு அசைவிலும், சில வேளைகளில் காரணமே தெரியாமலும் எலும்பு முறிவது இதன் முதன்மை அடையாளம். முறிவுகள் கூடிய பிறகும் உடலில் வலி தங்கிவிடுகிறது. இந்த வலியைத் தணிக்க மருந்து, அறுவைச் சிகிச்சை ஆகியவற்றுடன் மென்மையான கைவழிச் சிகிச்சையும் பயன்படுகிறது. தொட்டாலே முறியும் என்று அஞ்சப்பட்ட உடலைத் தொட்டே ஆற்றலாம் என்ற நிலைக்கு மருத்துவம் வந்து சேர ஏறத்தாழ 150 ஆண்டுகள் ஆயின. அந்த மாற்றத்தின் வரலாற்றையும், அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய சென்னையின் மேற்குப் புறநகர்ப் பகுதிகளில் அதன் தடங்களையும் இக்கட்டுரை விவரிக்கிறது.

நோயின் இயல்பு

எலும்பு சுண்ணாம்புச் சத்தால் மட்டும் ஆனதல்ல. கொலாஜன் என்னும் புரத இழைகளின் மேல் கால்சியமும் பாஸ்பரசும் படிந்து உருவாவதே எலும்பு. கட்டடத்தில் சிமெண்டுக்குள் இருக்கும் கம்பியைப் போன்றது கொலாஜன். எலும்பு நொறுங்கு நோயில் பழுதுபடுவது இந்தக் கம்பி. பெரும்பாலான நோயாளிகளிடம் முதல் வகைக் கொலாஜனை உருவாக்கும் இரண்டு மரபணுக்களில் ஒன்றில் பிழை இருக்கிறது. இதனால் பால், கீரை, கேழ்வரகு ஆகியவற்றைக் கூடுதலாகக் கொடுப்பதால் மட்டும் இந்நோய் தீர்வதில்லை. எனினும் கால்சியமும் வைட்டமின் டியும் குறையாமல் பார்த்துக்கொள்வது அவசியம்.

ஏறத்தாழ 15,000 முதல் 20,000 பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் இந்நோய் காணப்படுகிறது. கண்ணின் வெண்படலம் நீலம் பாய்ந்திருத்தல், பற்கள் எளிதில் தேய்ந்து உடைதல், மூட்டுகள் அளவுக்கு மீறி நெகிழ்தல், முதுகெலும்பு வளைதல், வயது ஏறும்போது காது கேளாமை ஆகியவை உடன் வரும் அறிகுறிகள். இவை எல்லோரிடமும் இருப்பதில்லை. ஒருவருக்கு வாழ்நாளில் நாலைந்து முறிவுகளே நேரலாம். இன்னொருவருக்குப் பள்ளி செல்லும் வயதுக்குள் பல பத்து முறிவுகள் நேரலாம்.

வலிக்குக் காரணங்கள் பல. புதிய முறிவின் வலி கூர்மையானது, சில வாரங்களில் குறைவது. நாள்பட்ட வலி வேறு வகையானது. முதுகெலும்புக் கண்ணறைகள் அமுங்குதல், எக்ஸ்ரேயில் எளிதில் தென்படாத நுண்விரிசல்கள், வளைந்து கூடிய எலும்பின் மேல் விழும் சமனற்ற எடை, தளர்ந்த மூட்டைத் தாங்க ஓயாமல் இறுகியிருக்கும் தசைகள் ஆகியவை அதற்குக் காரணங்கள். இவற்றில் கடைசியாகச் சொன்ன தசை இறுக்கமே கைவழிச் சிகிச்சையால் பெரிதும் தணியக்கூடியது.

நோய் அறியப்பட்ட வரலாறு

இந்நோய் மிகப் பழமையானது. லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள, ஏறத்தாழ 3,000 ஆண்டுகள் பழமையான எகிப்தியக் குழந்தை மம்மி ஒன்றில் இதன் அடையாளங்கள் காணப்பட்டுள்ளன. 1788ஆம் ஆண்டு ஸ்வீடனைச் சேர்ந்த எக்மான் என்பவர் ஒரே குடும்பத்தில் மூன்று தலைமுறைகளாகத் தொடர்ந்த எலும்பு நலிவைத் தன் மருத்துவ ஆய்வேட்டில் பதிவு செய்தார். 1849ஆம் ஆண்டு நெதர்லாந்தின் உடற்கூறியல் அறிஞர் வில்லெம் விரோலிக் இதற்கு ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பெர்பெக்டா என்று பெயரிட்டார். எலும்பு உருவாக்கம் நிறைவுறாமை என்பது அதன் பொருள்.

1979ஆம் ஆண்டு டேவிட் சில்லன்ஸ் ஆஸ்திரேலியாவில் மேற்கொண்ட ஆய்வின் அடிப்படையில் நோயை நான்கு வகைகளாகப் பிரித்தார். அந்தப் பகுப்பே இன்றும் அடிப்படையாக உள்ளது. 1983இல் கொலாஜன் மரபணுவில் பிழை முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. 2006 முதல் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால் மட்டுமே தோன்றும் ஒடுங்கு வகைகளும் ஒன்றன்பின் ஒன்றாக அடையாளம் காணப்பட்டன. மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என உறவுக்குள் திருமணம் செய்யும் வழக்கம் உள்ள தமிழகத்துக்கு இந்தக் கண்டுபிடிப்பு முக்கியமானது. உறவுத் திருமணங்களில் ஒடுங்கு வகை மரபணு நோய்களுக்கான வாய்ப்பு கூடுகிறது.

'தொடாதே' என்ற காலம்

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மாவுக்கட்டு பரவலான பிறகு, எலும்பு முறிந்தால் அசையாமல் வைத்திருப்பதே மருத்துவத்தின் பொது விதியானது. எலும்பு நொறுங்கு நோயுள்ள குழந்தைகளுக்கும் அதே விதி பொருத்தப்பட்டது. ஒரு முறிவுக்கு ஆறு வாரம் மாவுக்கட்டு, அது பிரிந்ததும் அடுத்த முறிவு, மீண்டும் மாவுக்கட்டு என்று பல குழந்தைகளின் இளமை படுக்கையிலேயே கழிந்தது.

இதில் ஒரு சுழல் இருந்தது. எலும்பு வலுப்பெற அதன் மேல் எடையும் தசையின் இழுப்பும் தேவை. அசையாமல் கிடக்கும்போது நல்ல எலும்பே நலிவடையும். ஏற்கெனவே நலிந்த எலும்பு மேலும் நலிவடைந்தது. கட்டைப் பிரித்ததும் அடுத்த முறிவு எளிதாயிற்று. ஒவ்வொரு முறிவும் குழந்தையை அசைவுக்கு அஞ்சச் செய்தது. அச்சம் தசையை இறுக்கியது, இறுகிய தசை வலியைக் கூட்டியது.

இந்தச் சுழலை முதலில் உடைத்தது அறுவைச் சிகிச்சை. 1959ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஹரோல்ட் சோஃபீல்டும் எட்வர்ட் மில்லரும் வளைந்த நீண்ட எலும்பைப் பல துண்டுகளாக வெட்டி, நடுவே உலோகக் கம்பி கோத்து நேராக்கும் முறையை வெளியிட்டனர். 1963இல் குழந்தையின் வளர்ச்சிக்கேற்ப நீளும் கம்பியைப் பெய்லி, டூபோ ஆகியோர் அறிமுகப்படுத்தினர். கம்பி தாங்கிய கால்களுடன் குழந்தைகள் எழுந்து நிற்க முடிந்தது. நிற்கும் குழந்தைக்குத் தசைப் பயிற்சி தேவைப்பட்டது.

1980களில் அமெரிக்க மறுவாழ்வு மருத்துவர்கள் ஹெல்கா பைண்டர், லின் கெர்பர் முதலியோர் இக்குழந்தைகளுக்கான உடற்பயிற்சித் திட்டங்களை வகுத்தனர். தலையை நிமிர்த்துதல், உட்காருதல், நீரில் அசைதல், தாங்கலுடன் நிற்றல் என்ற படிநிலைகள் அவற்றில் இருந்தன. குழந்தையைத் தொடாமல் காப்பதை விட, சரியாகத் தொடுவதற்குப் பெற்றோரைப் பழக்குவது மேல் என்ற கருத்து வலுப்பெற்றது. 1998இல் கனடாவின் மான்ட்ரியால் நகரில் பிரான்சிஸ் குளோரியூவின் குழு பாமிட்ரோனேட் என்னும் பிஸ்பாஸ்போனேட் வகை மருந்தை ஊசிவழியாகச் செலுத்தி, குழந்தைகளின் எலும்பு அடர்த்தி கூடியதையும் நாள்பட்ட வலி குறைந்ததையும் வெளியிட்டது. மருந்து, கம்பி, பயிற்சி ஆகிய மூன்றும் இணைந்த இன்றைய சிகிச்சை முறை இவ்வாறு உருவானது.

தமிழ் மரபில் கைவழிச் சிகிச்சை

தமிழகத்தில் ஒரு குழந்தையின் உடலை முதலில் முழுமையாக அறிவது பாட்டியின் கை. கால்களை நீட்டி உட்கார்ந்து, குழந்தையை முழங்கால்களின் மேல் கிடத்தி, எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றுவது இன்றும் வழக்கம். கை கால்களை உருவி விடுதல், கைகளை மார்பின் குறுக்கே மடக்கி நீட்டுதல், சில வீடுகளில் கணுக்காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குதல் ஆகியவை இதன் பகுதிகள். நலமான குழந்தைக்கு எண்ணெய்க் குளியல் இதமானது. எலும்பு நொறுங்கு நோயுள்ள குழந்தைக்கு உருவுதலும் தூக்குதலும் முறிவில் முடியலாம். குழந்தை வீறிட்டு அழும்போது கை பட்ட பாட்டியின் மேலோ தாயின் மேலோ பழி விழுவதும் உண்டு. நோயின் பெயர் தெரியாத வீடுகளில் இந்தப் பழி ஆண்டுக்கணக்கில் நிலைத்துவிடுகிறது.

சித்த மருத்துவத்தில் கையால் செய்யப்படும் சிகிச்சைக்குத் தொக்கணம் என்று பெயர். இது 32 வகைப் புறமருத்துவ முறைகளுள் ஒன்று. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என அது ஒன்பது வகைப்படும். கைத்தொழிலின் வேறுபட்ட விசைகளைத் தனித்தனியே பெயரிட்டு வகுத்திருப்பது இதன் சிறப்பு. நொறுங்கும் எலும்புக்கு எந்த விசை ஆகாது என்பதைச் சொல்லவும் இந்தப் பகுப்பு உதவுகிறது. முறுக்கல், இழுத்தல், இறுக்கல், தட்டல் ஆகியவை இந்நோய்க்கு ஏற்றவை அல்ல.

தென் தமிழகத்தில், குறிப்பாகக் கன்னியாகுமரி வட்டாரத்தில் செழித்த வர்ம மருத்துவமும் தொடுகையை மையமாகக் கொண்டது. வர்மப் புள்ளிகள் 108 என்றும், அவற்றுள் 12 படுவர்மம், 96 தொடுவர்மம் என்றும் வகுக்கப்படுகின்றன. ஆசான்களின் வழியே கைமாறி வந்த இக்கலை இன்று சித்த மருத்துவக் கல்லூரிகளின் பாடமாக உள்ளது. சென்னை அரும்பாக்கத்தில் உள்ள அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனையும், 2005இல் திறக்கப்பட்ட தாம்பரம் சானடோரியம் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் நகரத்தில் இம்மரபின் முக்கிய நிறுவனங்கள். அம்பத்தூர், பூந்தமல்லிப் பகுதியினருக்கு அரும்பாக்கம் எளிதில் எட்டும் தொலைவில் உள்ளது.

புத்தூர்க் கட்டு

எலும்பு முறிவு என்றதும் வட தமிழக மக்களின் நினைவுக்கு வருவது புத்தூர்க் கட்டு. புத்தூர் இன்று ஆந்திரப் பிரதேசத்தில், திருத்தணிக்கும் ரேணிகுண்டாவுக்கும் இடையில் உள்ள ஊர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்குள்ள ராஜு குடும்பத்தார் இச்சிகிச்சையைத் தொடங்கியதாகக் கூறப்படுகிறது. பச்சிலை விழுது, முட்டையின் வெண்கரு, துணி, மூங்கில் பத்தை ஆகியவற்றால் கட்டு போடப்படுகிறது.

சென்னையின் மேற்குப் புறநகருக்கும் புத்தூருக்கும் நேரடித் தொடர்பு உண்டு. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை சென்றது. அப்பாதை ஆவடி, திருவள்ளூர், அரக்கோணம் வழியாக அமைந்தது. பின்னர் அரக்கோணத்திலிருந்து திருத்தணி, புத்தூர் வழியாக ரேணிகுண்டாவுக்குப் பாதை நீண்டது. திருப்பதி செல்லும் அதே வழியில் எலும்பு முறிந்தவர்களும் புத்தூருக்குப் பயணம் செய்தனர். காலப்போக்கில் புத்தூரின் பெயரைத் தாங்கிய எலும்பு முறிவு வைத்தியசாலைகள் சென்னைப் புறநகர்ச் சாலைகளிலும் தோன்றின.

இந்த வைத்தியர்களிடம் மக்கள் செல்வதற்குச் செலவு குறைவு என்பது மட்டும் காரணமல்ல. அங்கே கை உடலைத் தொடுகிறது, அமுக்கிப் பார்க்கிறது, உடனே கட்டு விழுகிறது. நோயாளி அன்றே வீடு திரும்புகிறார். அறுவைச் சிகிச்சை பற்றிய அச்சமும் சேர்ந்துகொள்கிறது. ஆனால் எலும்பு நொறுங்கு நோயில் இதனால் ஒரு இழப்பு நேர்கிறது. ஒவ்வொரு முறிவும் தனி விபத்தாகக் கருதப்பட்டு, தனித்தனியே கட்டப்படுகிறது. ஒரே குழந்தைக்கு ஏன் நான்காவது முறையாக முறிந்தது என்ற கேள்வி எழுவதில்லை. முறிந்த எலும்பு வளைந்து கூடினால் அந்த வளைவே அடுத்த முறிவுக்கும் நாள்பட்ட வலிக்கும் இடமாகிறது. சிறு காரணத்தால் இரண்டு மூன்று முறை எலும்பு முறிந்த குழந்தை, எங்கே கட்டு போட்டிருந்தாலும், குழந்தை நல மருத்துவரிடமோ எலும்பு மருத்துவரிடமோ காட்டப்பட வேண்டும்.

இயன்முறை மருத்துவத்தின் வருகை

பிசியோதெரபி என்று பரவலாக அறியப்படும் இயன்முறை மருத்துவத்தின் வேர்கள் ஐரோப்பாவில் உள்ளன. 1813இல் ஸ்வீடனின் ஸ்டாக்ஹோம் நகரில் பெர் ஹென்ரிக் லிங் தொடங்கிய உடற்பயிற்சி நிறுவனம் அதன் முன்னோடி. 1894இல் லண்டனில் செவிலியர் சிலர் பயிற்சி பெற்ற மசாஜ் பணியாளர்களுக்கான சங்கத்தை அமைத்தனர். முதல் உலகப்போரில் காயமுற்ற வீரர்களால் இத்தொழில் வளர்ந்தது.

இந்தியாவில் இதை வளர்த்தது போலியோ. 1950களின் தொடக்கத்தில் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் இயன்முறை மருத்துவப் பள்ளி உருவானது. 1955இல் இந்திய இயன்முறை மருத்துவர் சங்கம் அமைந்தது. போலியோ தாக்கிய கால்களுக்கு உருவாக்கப்பட்ட தாங்கிகளும், தசைப் பயிற்சிகளும், நீர்ச் சிகிச்சையும் பின்னர் மற்ற நோய்களுக்கும் பயன்பட்டன.

தமிழகத்தில் மறுவாழ்வு மருத்துவத்துக்கு அடித்தளம் இட்டவர்களில் டாக்டர் மேரி வர்கீஸ் முக்கியமானவர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய அவர் 1954இல் சாலை விபத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு இரு கால்களும் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். பின்னர் நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்கின் நிறுவனத்தில் மறுவாழ்வு மருத்துவம் பயின்றார். 1966இல் அவரது முயற்சியால் வேலூரில் மறுவாழ்வு நிறுவனம் திறக்கப்பட்டது. சிகிச்சை என்பது நோயைப் போக்குவது மட்டுமல்ல, நோயோடு வாழப் பழக்குவதும் ஆகும் என்ற பார்வை இங்கிருந்து பரவியது. சென்னை கே.கே. நகரில் உள்ள அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம் அரசுத் துறையில் இப்பணியைச் செய்கிறது.

மேற்குப் புறநகரில்

பூந்தமல்லி ஆங்கிலேயர் காலத்தில் படைமுகாமாக இருந்தது. நோயுற்ற ஐரோப்பியப் படைவீரர்கள் உடல் தேறும்வரை தங்கும் நிலையமும் அங்கே இருந்தது. இன்று அரசு பார்வையற்றோர் பள்ளி அங்கே இயங்குகிறது.

1960களில் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையும் உருவாயின. ஆயிரக்கணக்கான தொழிலாளர் குடும்பங்கள் குடியேறின. இயந்திரத்தில் கை நசுங்குதல், முதுகுவலி, சுளுக்கு ஆகியவை அன்றாட நிகழ்வுகளாயின. அதே காலத்தில் அம்பத்தூரில் சர் ஐவன் ஸ்டெட்போர்ட் மருத்துவமனை தொடங்கப்பட்டது. போரூரில் 1985இல் ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரி வந்தது. பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டி வேலப்பன்சாவடி, தண்டலம் ஆகிய இடங்களிலும் மருத்துவக் கல்லூரிகள் எழுந்தன. இவை இயன்முறை மருத்துவப் பட்டப்படிப்பும் நடத்துகின்றன. இதனால் தமிழகத்தில் இயன்முறை மருத்துவ மாணவர்கள் மிகுதியாகப் பயிலும் பகுதிகளுள் ஒன்றாக இச்சாலை மாறியது. 2022இல் திருவள்ளூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது.

இன்று இப்பகுதியில் வலி உள்ள ஒருவர் முன் நான்கு கதவுகள் உள்ளன. தெருமுனையில் சுளுக்கு எடுப்பவர், பெருஞ்சாலையில் எலும்பு முறிவு வைத்தியசாலை, அரசு மருத்துவமனையின் சித்தப் பிரிவு, இயன்முறை மருத்துவ மையம். பொதுவான சுளுக்குக்கு எந்தக் கதவைத் தட்டினாலும் பெரிய தீங்கு நேராமல் போகலாம். எலும்பு நொறுங்கு நோயாளிக்கு அப்படியல்ல. தொடும் கைக்கு அந்த நோயின் பெயர் தெரிந்திருக்கிறதா என்பதே அவருக்கு முதன்மையான கேள்வி.

மென்தொடுகை வலியைத் தணிப்பது எப்படி

இடித்துக்கொண்ட இடத்தை உடனே தேய்த்துவிடுவது மனித இயல்பு. இதற்கான விளக்கத்தை 1965இல் ரொனால்ட் மெல்சாக், பாட்ரிக் வால் ஆகியோர் அளித்தனர். தண்டுவடத்தில் வலிச் செய்தியைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும் ஒரு வாயில் உள்ளது, தொடுகைச் செய்தி அந்த வாயிலை ஓரளவு மூடுகிறது என்பது அவர்களது கோட்பாடு. அதன் விவரங்கள் பின்னர் திருத்தப்பட்டாலும் அடிப்படைக் கருத்து நிலைத்தது.

1990களில் ஸ்வீடன் ஆய்வாளர்கள் மனிதத் தோலில் மெதுவான வருடலுக்கு மட்டும் நன்கு துலங்கும் நரம்பிழைகளை விவரித்தனர். நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில், உடல் வெப்பமுள்ள கை வருடும்போது இவை மிகுதியாகத் தூண்டப்படுகின்றன. தாய் குழந்தையை வருடும் வேகமும் ஏறத்தாழ இதுவே. வலியைக் குறைக்க அழுத்தம் தேவையில்லை என்பதை இது காட்டுகிறது. எலும்பு நொறுங்கு நோயாளிக்கு இது மிகவும் பயனுள்ள செய்தி.

இந்நோயை அறிந்த இயன்முறை மருத்துவர் முதலில் அண்மைய எக்ஸ்ரேயைப் பார்க்கிறார், கம்பி உள்ள இடங்களையும் பழைய முறிவுகளையும் கேட்டறிகிறார். புதிய முறிவு இல்லை என்று உறுதியான பிறகே கை வைக்கிறார். நோயாளியின் கை கால்களுக்குக் கீழே தலையணையோ சுருட்டிய துணியோ வைத்துத் தாங்கல் அமைக்கிறார். இளஞ்சூட்டில் ஈர ஒத்தடம் கொடுக்கிறார். விரல் நுனியைத் தவிர்த்து முழு உள்ளங்கையைப் பரப்பி, தோல் மட்டும் நகரும் அளவுக்கு நீவுகிறார். அசைவை மருத்துவர் செய்வதில்லை, நோயாளியே செய்கிறார், மருத்துவரின் கை தாங்குகிறது. எங்கே நிறுத்த வேண்டும் என்பதை நோயாளி சொல்கிறார். இளஞ்சூடான நீரில் செய்யும் பயிற்சி இதன் மற்றொரு பகுதி. நீர் உடலெடையைத் தாங்குவதால் நிலத்தில் முடியாத அசைவுகள் நீரில் முடிகின்றன.

இதன் பயன் வலி குறைவது மட்டுமல்ல. முறிவுகளின் நினைவால் தொடுகையையே அஞ்சும் குழந்தைக்கு, வலிக்காத தொடுகை ஒன்று உண்டு என்ற நம்பிக்கை பிறக்கிறது. பெற்றோரின் கைக்கும் துணிவு வருகிறது.

எல்லைகளும் தவிர்க்க வேண்டியவையும்

தொடுகைச் சிகிச்சை எலும்பை வலுப்படுத்துவதில்லை. மரபணுப் பிழையை மாற்றுவதில்லை. மருந்துக்கும் அறுவைச் சிகிச்சைக்கும் அது மாற்று அல்ல, துணை மட்டுமே. ஆஸ்திரேலியாவின் டாம் போவன் உருவாக்கிய போவன் சிகிச்சை, மண்டையோட்டு மென்தொடுகைச் சிகிச்சை போன்றவை இன்று சென்னையிலும் விளம்பரம் செய்யப்படுகின்றன. மென்மையானவை என்பதால் சிலருக்கு இவை இதம் தரலாம். நோயைக் குணப்படுத்தும் என்று எவரேனும் கூறினால் அதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை.

கீழ்க்கண்டவை இந்நோயாளிகளுக்கு ஆபத்தானவை.

1. முடிதிருத்தகங்களில் கழுத்தை நெட்டி முறித்தல், முதுகெலும்பைச் சொடக்கெடுத்தல்.
2. சுளுக்கு எடுப்பதாகக் கை கால்களை வெடுக்கென இழுத்தல், முறுக்குதல்.
3. விலா, முதுகு ஆகியவற்றின் மேல் ஏறி மிதித்தல், முழங்கையால் அழுத்துதல், அதிர்வுக் கருவிகளைப் பயன்படுத்துதல்.
4. குழந்தையை அக்குளில் கைகொடுத்துத் தூக்குதல், துணி மாற்றும்போது கணுக்காலைப் பிடித்து உயர்த்துதல்.

குழந்தையைத் தூக்கும்போது ஒரு கையை விரித்துப் பிட்டத்துக்கும் தொடைக்கும் அடியிலும், மறு கையைத் தோள், கழுத்து, தலை ஆகியவற்றுக்கு அடியிலும் கொடுத்து முழு உடலையும் ஒன்றாக உயர்த்த வேண்டும். குளிப்பாட்டும்போது உருவுவதைத் தவிர்த்து உள்ளங்கையால் எண்ணெயைத் தடவினால் போதுமானது. திடீரெனப் புதிய வலி, வீக்கம், ஒரு கையையோ காலையோ அசைக்க மறுத்தல் ஆகியவை புதிய முறிவின் அடையாளங்களாக இருக்கலாம். அப்போது நீவுதல் கூடாது. தாங்கல் வைத்துக் கட்டி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

சட்டமும் திட்டங்களும்

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரிக்கப்பட்ட குறைபாடுகளின் எண்ணிக்கையை 7இலிருந்து 21 ஆக உயர்த்தியது. எலும்பு நொறுங்கு நோய் அப்பட்டியலில் தனிப்பெயராக இல்லை. நோயால் ஏற்படும் இயக்கக் குறைபாட்டின் அளவைக் கொண்டு அடையாள அட்டை வழங்கப்படுகிறது. 2021ஆம் ஆண்டின் தேசிய அரிய நோய்கள் கொள்கை இந்நோய்க்கான பிஸ்பாஸ்போனேட் சிகிச்சையை இரண்டாம் பிரிவில் சேர்த்துள்ளது. அதே ஆண்டு இயற்றப்பட்ட தேசிய துணை மருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டம் இயன்முறை மருத்துவத்துக்கு நாடு தழுவிய சட்ட நெறியை வகுத்தது.

தமிழக அரசு 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைத் தொடங்கியது. வீட்டுக்கே சென்று இயன்முறைச் சிகிச்சை அளிப்பது இத்திட்டத்தின் ஒரு பகுதி. பேருந்தில் ஏறுவதே முறிவுக்குக் காரணமாகக்கூடிய ஒருவருக்கு, பயிற்சி பெற்ற கை வீடு தேடி வருவது சாதாரணச் சலுகை அல்ல. சிகிச்சை கிடைக்குமா கிடைக்காதா என்பதையே அது தீர்மானிக்கிறது.

மதிப்பீடு

இந்நோய் உள்ளவர்கள் வீட்டுக்குள் முடங்க வேண்டியதில்லை என்பதற்குச் சான்றுகள் உண்டு. டெல்லியில் குடிசைப் பகுதியில் வளர்ந்த உம்முல் கெர், பல முறிவுகளையும் அறுவைச் சிகிச்சைகளையும் கடந்து 2016ஆம் ஆண்டுக்கான இந்தியக் குடிமைப் பணித் தேர்வில் வெற்றி பெற்றார். 1968இல் பிரிட்டனில் மார்கரெட் கிராண்ட் தொடங்கிய சங்கம் முதல் இன்றைய இணையக் குழுக்கள் வரை, நோயாளிகள் தம் அனுபவ அறிவை ஒருவருக்கொருவர் கைமாற்றி வருகின்றனர். ஆண்டுதோறும் மே 6 இந்நோய்க்கான விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

பாட்டியின் கை, கட்டுப் போடும் வைத்தியரின் கை, தொக்கணம் செய்யும் சித்த மருத்துவரின் கை, இயன்முறை மருத்துவரின் கை ஆகிய நான்கும் சென்னையின் மேற்குப் புறநகரில் இன்றும் அருகருகே உள்ளன. நான்கிலும் பரிவு உண்டு, திறமையும் உண்டு. நீண்ட காலம் இந்நோயாளிகளுக்குத் தீங்கு நேர்ந்தது பரிவு இல்லாததால் அல்ல, நோயைப் பற்றிய அறிவு அந்தக் கைகளைச் சென்று சேராததால். பச்சிளங்குழந்தையின் கண் வெண்படலத்தில் நீலம் தெரிந்தாலோ, சிறு அசைவில் எலும்பு மீண்டும் மீண்டும் முறிந்தாலோ சந்தேகிக்க வேண்டும் என்ற ஒரு செய்தி ஒவ்வொரு அங்கன்வாடிப் பணியாளருக்கும், கிராமச் செவிலியருக்கும், கட்டுப் போடும் வைத்தியருக்கும் எட்டினால், பல குழந்தைகளின் முறிவுகளையும் பல தாய்மார்கள் சுமக்கும் பழியையும் தவிர்க்கலாம்.